கீரிப்பாறை வண்டியும் கடைசி இலக்கமும்

திட்டுவிளை
21 ஜனவரி 2024

அன்புள்ள தம்பி வினோஜுக்கு,

அக்கா அஸ்வதி எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, இனி எழுதிக்கொள்வோம் என்று நீதான் சொன்னாய். மின்னஞ்சலில் கத்த முடியாது என்பது உன் நம்பிக்கை. முயன்று பார்க்கிறேன்.

அப்பாவுக்குக் கால் ஓரளவு தேறிவிட்டது. பக்கவாதம் தலையில் எதை எடுத்துப்போனது, எதை விட்டுவைத்தது என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறுகிறது. இப்போது புதிதாக ஒன்று. காலையில் எழுந்ததும், தான் ஓட்டிய கீரிப்பாறை பஸ்ஸை எடுக்க வேண்டும் என்கிறார். "நீங்க ரிட்டயர் ஆயாச்சுப்பா" என்றேன். "ரப்பர் பால்வெட்டுக்காரங்க ரோட்டுல நிக்காங்க, நீ ரிட்டயர் கதை சொல்லுகியா?" என்றார். கேட்டைப் பூட்டினேன். கேட்டை ஆட்டினார். பக்கத்து வீட்டு லீலாபாய் அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

கடைசியில் ஒரு குறுக்குவழி கிடைத்தது. வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கையில் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்தேன், அது ஸ்டியரிங். பின்னால் நின்று கண்டக்டராக நான் ரைட் கொடுக்கிறேன். இறச்சகுளம், பூதப்பாண்டி, திட்டுவிளை, தெரிசனங்கோப்பு, தடிக்காரன்கோணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி கீரிப்பாறையில் நிறுத்தினால்தான் தட்டு திரும்பக் கிடைக்கும். அதன் பிறகுதான் அதில் இட்லி வைக்க முடியும். நர்சிங் படிப்பில் இது இல்லை.

சொல்ல வந்தது வேறு. அரசு நர்ஸ் வேலைக்கான பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. வயது வரம்புக்கு இதுதான் கடைசி வருடம். உத்தரவு எந்த ஊருக்கு வரும் என்று தெரியாது, உள்ளூருக்கு வராது என்பது தெரியும். நான் போனால் அப்பாவுடன் நீ இருக்க வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று உன் ஆபீசில் சொல்லியிருப்பதாக நீயே சொன்னாய். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு வா, பேசிக்கொள்ளலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அஸ்வதி


பெங்களூரு
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வினோஜ் எழுதிக்கொள்வது. சுகம்தான், கழுத்துவலி தவிர. பட்டியலில் உன் பெயர் வந்தது மிகவும் சந்தோஷம். கொடைக்குக் கண்டிப்பாக வருகிறேன். இடையில் ஒரே ஒரு தடை இருக்கிறது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், கோபப்படாதே.

நாங்கள் செய்வது கம்பைலர். மனிதர் எழுதுகிற நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற மொழியில் பெயர்த்துக் கொடுக்கும். ஆரல்வாய்மொழியில் நிற்கிற காற்றாலைகளுக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது அல்லவா, அதற்கான நிரல்களைப் பெயர்ப்பது எங்கள் வேலை. கம்பைலரும் ஒரு நிரல்தான் என்பதால் அதை அதனாலேயே பெயர்க்க வேண்டும். பழைய கம்பைலர் முதல் பிரதியைச் செய்யும். முதல் பிரதி இரண்டாவதைச் செய்யும். இரண்டாவது மூன்றாவதைச் செய்யும். இரண்டும் மூன்றும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

எங்களுக்கு ஒன்றாக இல்லை. ஓர் எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் மாறுகிறது. கணினியால் பத்தில் ஒன்று என்ற எளிய பின்னத்தைக்கூட முழுதாக வைத்துக்கொள்ள முடியாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் மூன்று மூன்றாக முடியாமல் போகிறதே, அது போல. எங்கேயோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். ஒரு பிரதி கொஞ்சம் தள்ளி வெட்டுகிறது, இன்னொன்று கொஞ்சம் முன்பே வெட்டுகிறது. ஃப்ளோட்டிங் பாயிண்ட் பிழை என்று பெயர். ஒரு வாரத்தில் பிடித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பாவைப் பார்த்தேன். நன்றாகத்தானே இருக்கிறார்? நீ எழுதியதைப் படித்துப் பயந்திருந்தேன். மற்ற நேரத்தில் என்னை விசாரிக்கிறாரா?

அன்புடன்,
வினோஜ்


திட்டுவிளை
18 பிப்ரவரி 2024

அன்புள்ள வினோஜுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் இரண்டு பேர். கழுத்துவலிக்குத் தலையணையை மாற்று.

உன் கம்பைலர் கதையை இரண்டு முறை படித்தேன். புரிந்தது. எனக்கும் இங்கே நேற்றைய அப்பாவும் இன்றைய அப்பாவும் ஒன்றாக இருப்பதில்லை. நான் ஒப்பிடுவதை விட்டு நாளாயிற்று.

வீடியோ காலைப் பற்றிச் சொல்கிறேன். மணி அடித்ததும் அப்பா தட்டைக் கீழே வைக்கிறார். சட்டைப் பொத்தானைப் போடுகிறார். "எப்படிடே இருக்க? சாப்பிட்டியா? ஆபீஸ்லாம் கொள்ளாமா?" என்று மூன்று கேள்விகள். போன வாரமும் அதே மூன்று. வைத்ததும் "யாரு அந்த ஆபீசர்?" என்றார். டாக்டர் முன்னாலும் இப்படித்தான். மருந்துப் பெயரையெல்லாம் ஒப்பிப்பார். "அப்பா பிரமாதமா இருக்கார், நீங்கதான் கொஞ்சம் ஓய்வெடுக்கணும் சிஸ்டர்" என்று டாக்டர் எனக்குச் சத்து மாத்திரை எழுதித் தந்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அப்பா டிரைவரை எழுந்திருக்கச் சொன்னார்.

கொடை பக்கத்தில் வந்துவிட்டது. டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
அக்கா


பெங்களூரு
15 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொடை நல்லபடி முடிந்திருக்கும். வர முடியாமல் போனதற்குக் காரணம் எழுதாவிட்டால் நீ வேறு நினைப்பாய்.

பிழை நடக்கும் இடத்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டேன். அந்த எண் அங்கே என்னவாக இருக்கிறது என்று பார்க்க, அதைத் திரையில் அச்சிடும்படி ஒரே ஒரு வரி சேர்த்தேன். உடனே பிழை மறைந்துவிட்டது. இரண்டு பிரதிகளும் ஒன்றாகிவிட்டன. வரியை எடுத்தேன், பிழை திரும்பி வந்தது. இப்படியே பத்து நாள் போயிற்று.

காரணம் இதுதான். கணக்குப் போடும்போது எங்கள் பழைய கணினி உள்ளே அதிக இலக்கங்களை வைத்துக்கொள்கிறது. அச்சிடச் சொன்னால் எண்ணை வெளியே எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. வெளியே இடம் குறைவு, எனவே வெட்டிவிடுகிறது. யாராவது பார்த்தால் அது ஒழுங்காக நடந்துகொள்கிறது. பார்க்காதபோது வேறு மாதிரி.

இதை எழுதும்போது உன் போன கடிதம் ஞாபகம் வந்தது.

அன்புடன்,
வினோஜ்


திட்டுவிளை
24 மார்ச் 2024

அன்புள்ள வினோஜுக்கு,

சுகம், சுகமறிய ஆவல்.

கொடைக்கு நான் போகவில்லை. கண்டக்டருக்கு விடுப்பு கிடையாது. லீலாபாய் அக்கா கோயிலிலிருந்து மண்டையப்பம் கொண்டுவந்து தந்தாள். உன் பங்கையும் நானே தின்றேன்.

போன வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல். நின்றுகொண்டே தூங்கியிருப்பேன் போலிருக்கிறது. திட்டுவிளைக்குப் பிறகு தெரிசனங்கோப்பைச் சொல்லாமல் நேராகத் தடிக்காரன்கோணம் என்றுவிட்டேன். அப்பா பிரேக் போட்டார். "தெரிசனங்கோப்புல ஆளு நிக்குல்லா? விட்டுட்டு வந்துட்டியே, பாவி" என்றார். வண்டியைத் திருப்பினார். தெரிசனங்கோப்புக்குத் திரும்பியிருந்தால் பரவாயில்லை, நாகர்கோவிலுக்கே திரும்பிவிட்டார். மறுபடி முதலிலிருந்து. இட்லி மத்தியானம் ஆயிற்று.

திட்டுவிளை வரும்போது மட்டும் வாயால் ஹார்ன் அடிப்பார். அம்மா இருந்த காலத்தில் வீட்டைத் தாண்டும்போது அடிப்பாரே, அது.

மருத்துவச் சோதனைக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். உத்தரவு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அன்புடன்,
அக்கா


பெங்களூரு
30 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் காய்ச்சல் போய்விட்டதா? இவ்வளவு தாமதமாகக் கேட்பதற்கு மன்னி. ஓட்டுப் போடக்கூட வரவில்லை என்று நீ சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பிழைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்வது. சரியாக வரும், ஆனால் எல்லாம் மாட்டுவண்டி வேகத்தில் நடக்கும். இரண்டு, பின்னமே இல்லாமல் முழுக்க முழுக்க முழு எண்களாலேயே கணக்கைத் திரும்ப எழுதுவது. அதுதான் முறை. மாதங்கள் ஆகும். மூன்றாவதை எங்கள் மேலாளர் சொன்னார். அந்த ஒரு ஃபைலை மட்டும் ஒப்பிட வேண்டாம் என்று ஒரு பட்டியலில் எழுதிவிட்டால் போதுமாம். "வித்தியாசம் கடைசி இலக்கத்துலதானே, எந்தக் காற்றாலைக்கு அது தெரியப் போகுது?" என்கிறார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒன்றாக இல்லாததை ஒன்று என்று சொல்லிவிட்டு எப்படித் தூங்குவது? இரண்டாவது வழியில்தான் போகிறேன். முழுக்கச் சரியாக்கிவிட்டு, தலையில் எந்தப் பாரமும் இல்லாமல் வந்து உட்காருகிறேன்.

அப்பா என்னை விசாரிக்கிறாரா என்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

அன்புடன்,
வினோஜ்


திட்டுவிளை
9 ஜூன் 2024

அன்புள்ள வினோஜுக்கு,

இங்கே மழை. அப்பாவுக்குச் சளி, பயப்பட ஒன்றுமில்லை.

உத்தரவு வந்துவிட்டது. நீலகிரி, கூடலூர் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனை. முப்பது நாளில் சேர வேண்டும். தகப்பனார் நிலையைச் சொல்லி மனு கொடுத்து ஆகஸ்ட் கடைசி வரை நீட்டிப்பு வாங்கியிருக்கிறேன். மறுபடி நீட்டிக்க மாட்டார்கள். அந்தத் தேதியில் நான் போய் நிற்காவிட்டால் பட்டியலில் எனக்கு அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அவளுக்கும் ஓர் அப்பா இருப்பார், ஆனால் அவள் போய்விடுவாள்.

அப்பாவை அங்கே கூட்டிப்போகலாமா என்று யோசித்தேன். ஒரு நாள் பூதப்பாண்டியில் சித்தி வீட்டில் தங்கியதற்கே இரண்டு நாள் தூங்கவில்லை. பஸ் எங்கே நிறுத்தியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வினோஜ், எனக்குப் போக வேண்டும். நீ வர வேண்டும்.

அக்கா


பெங்களூரு
11 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் சளி எப்படி இருக்கிறது? மழையில் வராந்தாவில் உட்கார வைக்காதே.

வாழ்த்துகள் அக்கா! நிச்சயம் வருகிறேன். முழு எண் கணக்கில் பாதி தாண்டிவிட்டேன். இன்னும் சில வாரம்தான். பிழை இப்போது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது, முகம் பார்த்தே கண்டுபிடிக்கிறேன். கம்பைலர் வெளியானதும் அடுத்த ரயில்.

அதுவரை உனக்கு உதவியாக ஒரு கேமரா அனுப்புகிறேன். வராந்தாவில் மாட்டு. நான் இங்கிருந்தே நாள் முழுக்க அப்பாவைப் பார்த்துக்கொள்ளலாம். என்னுடன் வேலை பார்க்கும் நந்தனா களியக்காவிளைக்காரி. லீவில் வரும்போது நேரில் கொண்டுவந்து தருவாள்.

மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். விசாரிக்கிறாரா?

அன்புடன்,
வினோஜ்


திட்டுவிளை
28 ஜூலை 2024

அன்புள்ள வினோஜுக்கு,

சுகம். உன் கழுத்துவலி இப்போது எப்படி?

கேமரா வந்து சேர்ந்தது. நந்தனா நல்ல பெண். அப்பா வண்டியில் ஏறச் சொன்னதும் கேள்வி கேட்காமல் ஏறி, தடிக்காரன்கோணத்தில் இறங்கினாள். சாயா குடிக்கும்போது நான் சும்மா கேட்டேன், "உங்க கம்பைலரில் அந்தக் கடைசி இலக்கம் இன்னும் அடங்கலியாமே?" என்று. அவள் சிரித்தாள். "அது மே மாசமே ரிலீஸ் ஆயாச்சே சேச்சி! அந்த ஃபைலை ஒப்பிட வேண்டாம்னு வினோஜ் சேட்டன்தான் ஒரு வரி எழுதினாரு. எல்லாருக்கும் கேக் வாங்கித் தந்தாரே!" என்றாள்.

ஆமாம், தம்பி எழுதியிருந்தான், எனக்குத்தான் மறந்துவிட்டது என்றேன். இன்னொரு பழம்பொரி வைத்தேன்.

கேமராவை மாட்டியிருக்கிறேன், ரோட்டைப் பார்த்து. யாராவது பார்த்தால் அப்பா நன்றாகிவிடுவார், அந்த நன்றாவதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ரோட்டில் நிஜ கீரிப்பாறை பஸ் போகும். விருப்பமிருந்தால் பார்.

கேக் என்ன கேக்?

அக்கா


திட்டுவிளை
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள வினோஜுக்கு,

என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வரும் வியாழக்கிழமை, 29ஆம் தேதி, சாயங்காலம் கோயம்புத்தூர் ரயிலில் போகிறேன். டிக்கெட் உறுதியாகிவிட்டது. லீலாபாய் அக்கா சனிக்கிழமை வரை வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பேத்தி கல்யாணம். அதன் பிறகு வீட்டில் அப்பா மட்டும் இருப்பார். இது மிரட்டல் இல்லை, நாள்காட்டி.

மாத்திரைகள் அடுக்களை அலமாரியில், வேளைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கானதை இட்லிக்கு முன் கொடு. ஊர்களை வரிசை மாற்றாதே, தெரிசனங்கோப்பை விடாதே. சத்தமாகச் சொல்ல வேண்டும், முணுமுணுத்தால் அவருக்கு ரைட் ஆகாது. திட்டுவிளையில் ஹார்ன் அடிப்பார். அப்போது அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்க்காதே. நீ பார்த்தால் அவரும் பார்ப்பார். அங்கே யாரும் இல்லை என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரிய வேண்டாம்.

மூன்று முறை கேட்டாய். பதில்: விசாரிப்பதில்லை. ஒரு தடவைகூட இல்லை. உன்னை மட்டும் என்று நினைக்காதே. எனக்கு இந்த வீட்டில் கடைசியாக அஸ்வதி என்று பெயர் இருந்தது போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்பு. அதற்குப் பிறகு நான் கண்டக்டர். முதலில் அழுதேன், பிறகு ரைட் கொடுத்தேன்.

எல்லாம் முழுக்கச் சரியான பிறகு வரலாம் என்று இருக்காதே மக்கா. காற்றாலைக்கு விட்டுக்கொடுத்ததில் கொஞ்சம் எங்களுக்கும் விட்டுக்கொடு.

அக்கா


திட்டுவிளை
3 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். கூடலூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? ஸ்வெட்டர் எடுத்துப் போனாயா? வேலையில் சேர்ந்த விவரம் எழுது.

நந்தனா சொன்னது சரி. பிளம் கேக்.

சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தேன். லீலாபாய் அக்கா என்னைக் கண்டதும் எழுந்தாள். தன் பையை எடுத்துக்கொண்டு, "லே வினோஜி, சோறு வடிச்சு வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குரல் எழும்பவில்லை. இறச்சகுளத்திலேயே அப்பா வண்டியை நிறுத்திவிட்டார். "ஊமையையெல்லாம் டூட்டியில போட்டிருக்கான்" என்றார். பக்கத்து வீட்டில் கல்யாண மைக் வேறு. சாயங்காலம் வரை தட்டைத் தரவில்லை, கிண்ணத்தில் கஞ்சி கொடுத்தேன். நேற்று சத்தமாகச் சொன்னேன், நீ அத்தனை எழுதியும் தெரிசனங்கோப்பை விட்டுவிட்டேன். நாகர்கோவிலிலிருந்து இரண்டாம் முறை கிளம்பினோம். மேலாளர் மீட்டிங்குக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். வண்டியில் இருக்கிறேன் என்று செய்தி அனுப்பினேன்.

இன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. திட்டுவிளையில் ஹார்ன் அடித்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீரிப்பாறையில் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி என்னையே பார்த்தார். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"பழைய கண்டக்டர் எங்கலே?"

"டிரான்ஸ்பர். கூடலூர்."

"மலை ரோடுல்லா? பாத்துப் போகச் சொல்லு. நல்ல பிள்ளை, சத்தமா சொல்லும்." பிறகு, "நீ எந்த ஊரு?"

"திட்டுவிளைதான்."

"அப்படியா? ஆரு மவன்?"

"டிரைவர் மகன்."

"எந்த ரூட்டு?"

"கீரிப்பாறை."

அவர் தட்டைப் பிடித்தபடியே யோசித்தார். "கீரிப்பாறைக்கு நான்லா ஓட்டுகேன்" என்றார்.

அப்படியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு வார்த்தை பேசவில்லை அக்கா. பேசியிருந்தால் அந்தப் பார்வை மறைந்திருக்கும்.

பிறகு தட்டை என்னிடம் நீட்டினார். இட்லி வைத்தேன். மூன்று தின்றார்.

அன்புடன்,
வினோஜ்

பின்குறிப்பு: கேமரா ரோட்டைப் பார்த்தபடியே இருக்கட்டும். உனக்கு அங்கே நேரம் கிடைத்தால் பஸ்ஸைப் பார்.